தெரிவுக் குழுவில் நான் போட்ட புள்ளிகள்

அந்த வருடம் மாசி மாதத்தில் நகரசபையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நகரத் திட்டமிடல் ஆணைக்குழுவில் பொதுமக்களிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள். சம்பளம் கிடையாது, வாக்கும் இல்லை, ஆனால் பேசும் உரிமை உண்டு. அந்த இருவரைத் தெரிவு செய்யும் மூவர் குழுவில் நீங்களும் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

நான் அப்போது நகரத்தின் குடிவரவாளர் ஆலோசனைச் சபையில் உறுப்பினராக இருந்தேன். தொழில், கட்டட வரைபடம் வரைவது. ஒன்பது வயதில் அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியும் முடித்து, இருபது வருடத்துக்கு மேலாக ஒரே அலுவலகத்தில் மாடிப்படிகளும் கழிவுநீர்க் குழாய்களும் வரைந்துகொண்டிருந்தவள். கடிதத்தைப் பார்த்ததும் பெருமையாக இருந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டிருப்பார். ஓம் என்று அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன்.

குழுவில் மற்ற இருவரில் ஒருவர் நகரத் திட்டமிடல் அலுவலகத்தின் தலைவி. உயரமான பெண், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், எந்தப் பேச்சையும் அரை வசனத்தில் பிடித்துக்கொள்ளக் கூடியவர். மற்றவர் ஒரு நகரசபை உறுப்பினர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். மனிதர் நல்லவர். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபடியே இருப்பார்.

முதல் கூட்டத்தில் விண்ணப்பங்களைப் பிரித்தோம். பதினொன்று வந்திருந்தன. வாசிக்கத் தொடங்குமுன் தலைவி எங்களுக்கு ஆளுக்கொரு பத்திரம் தந்தார். விண்ணப்பித்தவர்களில் யாரையாவது தெரியுமா, உறவா, நட்பா, பக்கச்சார்புக்கு இடமிருக்கிறதா என்று அதில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாவது ஒரு தமிழ்ப் பெயர். வாசித்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது.

அவர் மன்னார்க்காரர். அறுபது வயது தாண்டியவர். மருத்துவமனைச் சமையலறையில் பல வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் முன்பெல்லாம் கடைசி வாங்கில் மனைவியோடு இருப்பார். நான் பூசைக்குப் போவதே நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும்தான் என்பதால், அவரோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. ஆனால் அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி இறந்தபோது நான் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்று அவருடைய கையைப் பிடித்தேன். மழைத் தண்ணீரில் ஊறிய கைபோல இருந்தது.

அந்த அம்மா ஒரு கிண்டர்கார்டனில் துப்புரவு வேலை செய்தவர். வேலை முடிந்து நடந்து வரும்போது, ரிங் வீதிச் சந்தியில், பாதசாரிகளுக்குப் பச்சை எரிந்துகொண்டிருந்த நேரத்தில், வலப்பக்கம் திரும்பிய லொறி ஒன்று அவரை அடித்துவிட்டது. சாரதிக்குத் தெரியவில்லை. லொறியின் வலப் பக்கத்தில் கண்ணாடியிலும் விழாத ஒரு மூலை இருக்கிறது. அதற்கு ஜேர்மன் மொழியில் ‘செத்த கோணம்’ என்று பெயர்.

பத்திரத்தில் “மேலோட்டமாகத் தெரியும்” என்று எழுதினேன். தலைவி அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“உங்கள் ஆட்களுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தானே. பரவாயில்லை, நீங்கள் இருக்கலாம். உங்கள் நிதானத்தை நான் நம்புகிறேன்.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அந்த நிமிடத்திலிருந்து என் நிதானத்தை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்குள் ஒரு எண்ணம் புகுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் சரியாக எழுதிய கணக்கையே மூன்று தரம் சரிபார்ப்பேன். வகுப்பில் கறுத்த பிள்ளை நான் ஒருத்திதான். பிழை விட்டால் அது என் பிழையாக மட்டும் இருக்காது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நேர்முகத் தெரிவு பங்குனி மாதத்தில், இரண்டு நாட்களாக, நகரசபைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. ஆளுக்கு இருபது நிமிடம். எங்கள் மூவருக்கும் முன்னால் புள்ளித்தாள் இருந்தது. ஐந்து தலைப்புகள்: ஆர்வம், நகரத்தைப் பற்றிய அறிவு, பரந்த பார்வை, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் தன்மை, கருத்தை வெளிப்படுத்தும் திறன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடலாம்.

முதல் நாள் வந்தவர்களில் ஒருவர் வாகனம் நிறுத்த இடமில்லை என்று இருபது நிமிடமும் கோபப்பட்டார். ஒரு மாணவன் ஆணைக்குழு என்ன செய்கிறது என்பதையே வாசிக்காமல் வந்திருந்தான். ஒரு பெண்மணி தன் வீட்டுக்கு முன்னால் தறித்த ஐந்து லிண்டன் மரங்களுக்காக அழுதுவிட்டார். பிற்பகலில் வந்தவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துப் பொறியியலாளர். மேசையில் கையை மடித்து வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொன்னார். அவர் எழுந்து போனபின் தலைவி பேனாவைக் கீழே வைத்து, “ஒரு இடம் நிரம்பிவிட்டது” என்றார். எங்களுக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு மருத்துவிச்சி வந்தார். நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவித்த பெண்களைப் பார்க்கிறவர். எந்த வீதியில் தள்ளுவண்டி ஏறாது, எந்தக் கட்டடத்தில் மின்தூக்கி மாதக்கணக்காக வேலை செய்யவில்லை என்றெல்லாம் தாளைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

அவருக்கு அடுத்ததாக மன்னார்க்காரர்.

செத்தவீட்டில் போட்டிருந்த அதே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் நாலு கொப்பிகள், பள்ளிப் பிள்ளைகள் கணக்குச் செய்கிற கட்டம் போட்ட கொப்பிகள். என்னைக் கண்டதும் அவருடைய முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் தெரிந்தது. நான் மற்றவர்களுக்குச் செய்தது போலவே எழுந்து கைகொடுத்து, ஜேர்மனில் வணக்கம் சொல்லி, கதிரையைக் காட்டினேன்.

அவருடைய ஜேர்மன் மொழி மோசமில்லை. சமையலறையில் பழகிய மொழி. வசனங்கள் சின்னதாக இருக்கும், இலக்கணம் சில இடங்களில் நொண்டும், ஆனால் சொல்ல வந்தது விளங்கும். ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். அவர் தன் மனைவி எப்படி இறந்தார் என்பதை மூன்று வசனத்தில் சொன்னார். செத்த கோணம் என்ற சொல்லைத் தடுமாறாமல் சொன்னார். பிறகு முதல் கொப்பியைத் திறந்தார். வேலையில்லாத நாட்களில் அந்தச் சந்திக்குப் போய், பச்சை எவ்வளவு நேரம் எரிகிறது, யார் யார் கடந்து முடிக்கிறார்கள், யாரை நடுவீதியில் சிவப்பு பிடிக்கிறது என்று எழுதி வைத்திருந்தார். கைத்தடியோடு வருகிறவர்களுக்கு ஒரு குறி, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு குறி. எழுத்து தமிழில் இருந்தது, எண்கள் நேர்த்தியாக ஒன்றின்கீழ் ஒன்றாக.

தலைவி கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை வந்தது. அந்தப் பெருமையைக் கண்டதும் உடனே பயமும் வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“இது உங்களுடைய சொந்தத் துயரத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு சந்தி. ஆணைக்குழு முழு நகரத்தையும் பார்க்க வேண்டும். இந்தச் சந்தியைத் தவிர வேறு எதைப் பற்றியாவது யோசித்திருக்கிறீர்களா?”

அன்றும் முதல் நாளும் அவ்வளவு கடினமான கேள்வியை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. மரங்களுக்காக அழுத பெண்மணியிடம்கூட.

அவர் கோபிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது கொப்பிகளைத் திறந்தார். மருத்துவமனைக்கு முன்னால் உள்ள கடவை, ரயில் நிலையத்தடி, முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாவற்றையும் அளந்திருந்தார். அளந்து அளந்து அவருக்கு ஒரு விசயம் விளங்கியிருந்தது. அதைத்தான் எங்களுக்குச் சொல்ல வெளிக்கிட்டார்.

“பச்சை வருகிறது. இளம் ஆட்கள் உடனே போகிறார்கள். ஆனால் சிலர்...” என்று தொடங்கி நின்றுவிட்டார். வலது கையை உயர்த்தி, முன்னால் கொண்டுபோய், பின்னால் இழுத்தார். சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. மீண்டும் கையை அப்படியே ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்.

“தங்கச்சி, தயங்கிறதுக்கு டொச்சிலை என்ன சொல்லுறது?”

ட்ஸோகர்ன். அந்த ஜேர்மன் சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. தலைவியும் ஆசிரியரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜேர்மனில் சொன்னேன்:

“தயவுசெய்து ஜேர்மன் மொழியில் பேசுங்கள்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுத் தலைவியின் பக்கம் திரும்பினார்.

“சிலர் நிற்கிறார்கள்,” என்றார். “வீதியில். நிற்கிறவர்களுக்கு நேரம் போதாது.”

“வீதியின் நடுவில் யாரும் நிற்கக் கூடாது அல்லவா?” என்றார் தலைவி, அன்பாகத்தான்.

“ஓம்... இல்லை. நிற்பது இல்லை.” மீண்டும் அந்தக் கை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. “பயத்தில் நிற்கிறார்கள்.”

ஆசிரியர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நேரமும் முடிந்துவிட்டது.

அவர் சொல்ல வந்ததை அந்த அறையில் நான் ஒருத்திதான் விளங்கிக்கொண்டேன். பச்சை எரிந்ததும் ஒரு அடி வைத்து, லொறியைப் பார்த்து, பின்வாங்கி, மீண்டும் அடி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வயதானவர்கள், பார்வை குறைந்தவர்கள், இந்த நாட்டு வீதிகளை இன்னும் நம்பாதவர்கள். அந்த விளக்குகளின் கணக்கில் தயக்கத்துக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. அவர் நாலு கொப்பியில் எழுதி வைத்திருந்தது அதுதான். விபத்து அறிக்கையில், அவருடைய மனைவி வீதியில் ‘நின்றதாக’ எழுதியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்தச் சொல்லை எதிர்த்துத்தான் அவர் இரண்டு வருடமாக அளந்துகொண்டிருந்தார். நான் அவரை அதே சொல்லுக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிற்பகலில் புள்ளிகளைக் கூட்டினோம். பொறியியலாளர் வெகு தூரம் முன்னால் நின்றார். இரண்டாம் இடத்துக்கு மருத்துவிச்சியும் இவரும்.

“அவர் இன்னும் துக்கத்தில் இருக்கிறார்,” என்றார் தலைவி. “ஆணைக்குழு அதற்கான இடமில்லை. அது அவருக்கும் நல்லதல்ல.”

“ஆனால் அந்தக் கொப்பிகள்,” என்றார் ஆசிரியர். “அப்படியொரு உழைப்பை நான் கண்டதில்லை. என்ன சொல்ல வந்தார் என்பதுதான் எனக்குக் கடைசியில் சரியாகப் பிடிபடவில்லை.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்களிடம் தமிழில் என்ன கேட்டார்?”

“ஒரு சொல் கேட்டார்,” என்றேன்.

“என்ன சொல்?”

“ஒரு வினைச்சொல். முக்கியமானதல்ல.”

இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. அறையில் கேட்டதை மறுத்ததற்காவது பதற்றம் என்று ஒரு சாட்டு உண்டு. இதற்குச் சாட்டில்லை. ஆள் போய்விட்டார், நேரம் இருந்தது, கேட்டவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். விளக்கினால் நம் ஆளுக்காக வாதாடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

என் தாளில் அவருக்கு ‘கருத்தை வெளிப்படுத்தும் திறன்’ என்ற தலைப்பின்கீழ் இரண்டு போட்டிருந்தேன். மற்ற இருவரும் மூன்று போட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தபோது மருத்துவிச்சிக்கும் அவருக்கும் இடையில் ஒரேயொரு புள்ளி வித்தியாசம். நான் மூன்று போட்டிருந்தால் இருவரும் சமமாக வந்திருப்பார்கள், மறுபடி பேசியிருக்க வேண்டும். தலைவி எங்கள் தாள்களை வாங்கி அடுக்கும்போது, “எல்லோரையும்விட நீங்கள்தான் கண்டிப்பாகப் போட்டிருக்கிறீர்கள்,” என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னார். நானும் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுப்புக் கடிதங்களில் மூவரும் கையெழுத்து வைத்தோம். எல்லோருக்கும் ஒரே கடிதம்: தங்கள் ஈடுபாடு எங்களைக் கவர்ந்தது, ஆயினும்.

உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு நான் போகாமல் விட்டிருக்கலாம். போனேன். பூசை முடிந்து தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக அவர் தனியே நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சுகமா இருக்கிறியளோ அண்ணை?”

“இருக்கிறன்.” தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கடிதம் வந்தது. உங்கடை கையெழுத்தையும் கண்டனான்.”

தங்கச்சி என்று சொல்லவில்லை.

“ரெண்டு இடம்தான் அண்ணை. கனபேர் வந்தவை...”

“அது எனக்கு விளங்குது. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.” கோப்பையைக் கையில் சுற்றினார். “வீட்டை போய் மகளிட்டைப் போனிலை கேட்டனான். ட்ஸோகர்ன் எண்டு சொன்னவள். அவள் சொன்ன உடனை, ஐயோ இதுதானே, தெரிஞ்ச சொல்தானே எண்டு போச்சு. சமையலறையிலை எங்களுக்கு மேலை இருக்கிறவர் ஒவ்வொரு நாளும் சொல்லுற சொல். அந்த நேரம் வரேல்லை.”

கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?”

“விளங்கினது அண்ணை.”

“முழுக்க?”

“முழுக்க விளங்கினது.”

“அப்ப ஏன் அவைக்குச் சொல்லேல்லை?”

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். விதிமுறை, மற்றவர்களுக்கும் உதவி செய்யவில்லை, எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்று என்னிடம் பதில்கள் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

“பயந்துபோனன் அண்ணை,” என்றேன்.

“என்னத்துக்கு?”

“உங்களுக்காகக் கதைக்கிறன் எண்டு நினைப்பினம் எண்டு.”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “நீங்கள் எனக்காகக் கதைக்க வேண்டாம். நான் கேட்டது ஒரு சொல்.”

“அந்தக் கொப்பியளைத் தாங்கோ அண்ணை. நான் மொழிபெயர்த்து ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுக்கிறன். எங்கடை சபைக்கூடாக அனுப்பலாம்.”

“வேண்டாம்,” என்றார். “அதை நானே பார்த்துக்கொள்ளுவன்.”

அவர் அதைப் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு வைகாசி மாதத்தில் தெரிந்தது. ஆணைக்குழுவின் கூட்டங்களுக்குப் பொதுமக்களும் வரலாம். தொடக்கத்தில் அரை மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு கேள்வி. எங்கள் சபையின் சார்பில் பார்வையாளராக நான் போயிருந்தபோது, பின்வரிசைக் கதிரையில் கறுப்புக் கோட்டோடு அவர் இருந்தார். ஒலிவாங்கியடிக்கு வந்து, தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். ரிங் வீதிச் சந்தியில் பச்சை நேரத்தைக் கூட்டும் எண்ணம் நகரசபைக்கு இருக்கிறதா? அலுவலகம் எழுத்தில் பதில் தரும் என்றார்கள். அடுத்த மாதம் எழுத்தில் பதில் வந்தது: விளக்கு விதிகளுக்கு அமைவாக இயங்குகிறது. அடுத்த மாதம் அவர் மறுபடி வந்து, வேறு வசனத்தில் அதே கேள்வியைக் கேட்டார்.

புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒருநாள் அவருக்கு நேரே பதில் சொன்னார். தானே கணக்கைப் பார்த்ததாகவும் கணக்கில் பிழை எதுவும் இல்லை என்றும் மரியாதையாக விளக்கினார். இவரும் மரியாதையாக நன்றி சொன்னார். அடுத்த மாதமும் வந்தார்.

கோடை விடுமுறைக்குப் பிறகு அவர் ஒலிவாங்கிக்கு வரும்போது சில உறுப்பினர்கள் கைபேசியை எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். யாரும் அவரை அவமதிக்கவில்லை. அவருடைய மூன்று நிமிடத்தில் ஒரு செக்கனும் குறைக்கவில்லை. கேள்வி கவனத்தில் எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் குறிப்பில் எழுதினார்கள். நான் பின்வரிசையில் அவருக்கு இரண்டு கதிரை தள்ளி இருப்பேன். வணக்கம் சொல்வேன், அவரும் சொல்வார். அதற்குமேல் இல்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றபோதும், எங்கள் சபையின் பெயரில் நானே ஒரு விண்ணப்பம் எழுதினேன். தயக்கம் பற்றி ஒரு முழுப் பந்தி எழுதினேன். நல்ல ஜேர்மன், ஒரு பிழை இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விதிகளுக்கு அமைவாக இயங்குகிறது. சரியான சொல்லைச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. அந்த ஆறுதலுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மருத்துவிச்சி அடுத்த தை மாதம் விலகிவிட்டார். கூட்டங்கள் பிற்பகல் நாலு மணிக்கு. பிரசவங்கள் நேரம் பார்த்து வருவதில்லை. அவர் மேல் பிழை சொல்ல முடியாது. தலைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பட்டியலில் அடுத்தவர் உங்கள் நாட்டுக்காரர். மாதாமாதம் வந்து கேட்கிறாரே, அவர்தான். விதிப்படி அவரைக் கேட்க வேண்டும். நீங்களே பேசுகிறீர்களா? உங்கள் மொழியில் கேட்டால் அவருக்கு இலகுவாக இருக்கும்.”

உங்கள் மொழியில் என்று அவர் சொன்னது காதில் நிற்க, நானே போய்க் கேட்கிறேன் என்றேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவருடைய வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை. மனைவியின் படத்துக்கு முன்னால் மின்மெழுகுதிரி. அவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். தட்டில் கொஞ்சம் சிந்தியது. போன மாதம் இருதயத்துக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்ததாகவும் வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

விசயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஏலாது,” என்றார்.

“உடம்புக்காகவோ அண்ணை?”

“அதுவும்தான்.” யன்னல் பக்கம் பார்த்தார். “இவ்வளவு நாளும் அங்கை போய் இருந்து பார்த்திட்டன். அந்த மேசையிலை இருக்கிறவை கெட்ட ஆக்களில்லை. எல்லாம் கேக்கினம், எழுதினம், பேந்து அடுத்த விசயத்துக்குப் போயிடுவினம். நானும் அந்த மேசையிலை இருந்தால் நானும் போகவேண்டி வரும். பூங்கா, பாலம், கார் விடுற இடம் எண்டு. எனக்கு அவளை விட்டிட்டு அடுத்த விசயத்துக்குப் போக ஏலாது.”

“முதல்லை உங்களை எடுத்திருந்தால்?”

“முதல்லை எண்டால் போயிருப்பன்,” என்றார். “அப்ப எனக்கு உது தெரியாது. அப்ப நான் நினைச்சனான், சொன்னால் செய்வினம் எண்டு.”

வெளியே வரும்போது வாசல்வரை வந்தார். “தேத்தண்ணி குடிக்காமல் போறியள்,” என்றார். நான் திரும்பிப் போய் நின்றபடியே குடித்தேன்.

அந்த இடத்தைக் காலம் முடியும்வரை வெறுமையாக விடுவது என்று ஆணைக்குழு முடிவெடுத்தது. பங்குனிக்குப் பிறகு அவரும் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பொதுமக்கள் நேரத்தில் பல மாதங்கள் யாருமே எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கூட்டத்தை முன்னதாகத் தொடங்கினார்கள்.

அதற்கு அடுத்த வருடம் ரிங் வீதிச் சந்தியில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி திறந்தார்கள். கார்கள் உள்ளே போய்வர வசதியாகச் சந்தியின் விளக்குகளை முழுவதுமாக மாற்றி அமைத்தார்கள். அந்த மாற்றத்தில், யாரும் கேட்காமலே, பாதசாரிகளின் பச்சை நாலு செக்கன் கூடியது. தீர்மானத்தில் எங்கும் அவருடைய பெயரோ கேள்வியோ இல்லை. அங்காடியின் வரைபடத்தோடு வந்த இணைப்பில் ஒரு வரியாக இருந்தது.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இதைச் சொல்லத்தானா, அல்லது என் மனம் ஆறத்தானா, தெரியவில்லை.

“தெரியும்,” என்றார். மூச்சு வாங்கியது. “மகள் காரிலை கூட்டிக்கொண்டு போனவள். அளந்து பார்த்தனான். நாலு செக்கன்.”

“ஓம் அண்ணை, நாலு.”

“அவளுக்கு ரெண்டு போதும்,” என்றார்.

பிறகு இருமினார். மருந்து எடுக்கும் நேரம் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கார்த்திகையில் அவர் இறந்தார். மகள் அவரைத் தன் நகரத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார். செத்தவீட்டுக்குப் போக எனக்கு ரயில் டிக்கெட்டும் இருந்தது, விடுமுறையும் இருந்தது. போகவில்லை.

ஆணைக்குழுவின் காலம் முடிந்து புதிய தெரிவு வந்தபோது தலைவி மறுபடி எழுதியிருந்தார். சென்ற முறை உங்கள் நிதானம் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது, இம்முறையும் வர முடியுமா? கடிதத்தை ஒரு வாரம் சமையலறை மேசையில் வைத்திருந்தேன். போய் இருந்து இம்முறை சரியாகச் செய்யலாம் என்று ஒருநாள் தோன்றும். எந்த முகத்தோடு போய் இருப்பது என்று மறுநாள் தோன்றும். கடைசியில் வேலைப்பளு என்று எழுதி மறுத்துவிட்டேன். அதுவும் உண்மையில்லை. என் கதிரையில் யாரை இருத்தினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.